மூன்றாவது குரல்

திரும்பிப் பார்க்கக் கூடாது. உலகம்மாள் டீச்சர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளை அது, வேறு யாரும் போடவில்லை, அதனால் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை. பாட்டு அறையின் மேற்குச் சுவரைப் பார்த்தபடி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, சேட்டை செய்த பிள்ளையை மூலையில் உட்கார வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து ஒரே இரண்டு வரியைப் பாடிவிட்டு ஓரமாகப் போய் நிற்க வேண்டும். பேர் சொல்லக் கூடாது, பேசக் கூடாது, செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். யார் முதலில், யார் அடுத்து என்பது வாசலில் நின்று தன் இஷ்டத்துக்கு அனுப்புகிற கணக்கு டீச்சர் வடிவுக்குத்தான் தெரியும். எல்லாரும் பாடி முடித்ததும் உலகம்மாள் திரும்பாமலே, இத்தனாவது குரல் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் குரல்காரிதான் தென்காசியில் நடக்கப்போகிற மாவட்டப் போட்டியில் குழுப்பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள், பிள்ளைகள் பாஷையில் 'லீட்'. மற்றவர்கள் பின்னால் நின்று வாங்கிப் பாடுகிறவர்கள். ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் பாட்டுக்காரியைத் தேர்ந்தெடுக்க இத்தனை கூத்தா என்று கேட்டால், ஆமாம், இத்தனை கூத்துதான். ஐந்து பேரில் ஒருத்தி டீச்சர் பெற்ற பிள்ளை. நித்திலா. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு.

சுவரில் மழைத்தண்ணீர் இறங்கி ஒரு கறை படிந்திருந்தது, அதற்கு மேலே போன வருஷம் யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன சீரண மண்டலப் படம், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், பாட்டு அறையில் இதற்கென்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் இலவச சைக்கிள்களுக்கு என்ன வேலை என்றும் கேட்க வேண்டிவரும், அவைதான் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பாட்டு பீரியட் என்பதே இரவல் பீரியட்தான். பரீட்சை வந்துவிட்டால் வடிவு வந்து வாசலில் நின்று, "டீச்சர், இன்னைக்கு ஒங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்லல்லா? பிள்ளைகள எடுத்துக்கிடுதேன்" என்பாள். பெருசா ஒண்ணும் இல்லைதான். ஆர்மோனியத்தில் துருத்தி கிழிந்து காற்று ஒழுகுகிறது, அதுவும் பெருசா ஒண்ணுமில்லை. இதே வடிவுதான் போன வருஷம் ஆசிரியர் அறையில், எல்லார் காதிலும் விழட்டும் என்று டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஒங்க வீட்டுப் பிள்ள, எடுத்தா எடுத்துட்டுப் போங்களேன், நாங்க என்ன சொல்லப்போறோம்?" இதைவிட வெட்டரிவாளை எடுத்து வீசியிருக்கலாம். போன வருஷம் நித்திலாவை லீடாகக்கூட எடுக்கவில்லை, வரிசையில் ஒருத்தியாக எடுத்ததற்கே அந்தப் பேச்சு. அந்தப் பேச்சு இன்னும் உள்ளே கிடந்து அரிக்கிறது. பார்ப்போம் வடிவு, இந்த வருஷம் நீயே வாசலில் நில்லு, நீயே அனுப்பு, நான் சுவரைப் பார்த்து உட்காருகிறேன், என்ன சொல்லுவாய் என்று பார்க்கிறேன். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதல் குரல் தொடங்கிவிட்டது. பர்வீன். சந்தேகமே வேண்டாம், தொடங்கும்போதே அரைக் கட்டை கூட்டித் தொடங்குவாள், எத்தனை தடவை சொன்னாலும் சரி, என்னமோ பஸ் போய்விடும் என்கிற அவசரம். மேல் ஸட்ஜத்துக்குப் போனதும் கத்தல். போ, பிள்ளை, நீ இல்லை.

எந்தப் பிள்ளையின் குரலையும் இருட்டில் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வேறு கர்வம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? மேடை கிடையாது, கச்சேரி கிடையாது, காலையில் பிரேயர், மதியம் இரவல் பீரியட், சுதந்திர தினத்துக்கு ஒரு பாட்டு, குடியரசு தினத்துக்கு அதே பாட்டு. காது ஒன்றுதான் அவளுடையது. இரண்டாவது குரல் வந்தது, மரிய செல்சியா, கோயில் குழுவில் பாடிப் பழகியவள், ஒவ்வொரு வரியின் கடைசியையும் இழுத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரி நிறுத்துவாள், அழகுதான், ஆனால் இந்த மெட்டுக்கு ஆகாது, இது ஓட வேண்டிய மெட்டு. வெளியே சாரல் பிடித்திருந்தது. சன்னல் வழியாகப் பொடிப்பொடியாகத் தண்ணீர் வந்து புறங்கழுத்தில் பட்டது. சன்னலைச் சாத்தச் சொல்ல வேண்டும், சொன்னால் யாராவது "சரி டீச்சர்" என்று சொல்லிவிடுவார்கள், குரல் தெரிந்துவிடும், வேண்டாம், நனையட்டும்.

மூன்றாவது. வந்து நின்றவள் உடனே தொடங்கவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம்கூட இல்லை. பிறகு சட்டென்று, கீழிருந்து, கரகரவென்று ஒரு குரல். பேச்சி! பேச்சித்தாயேதான், பாவம். வீடு முழுக்க பீடித்தூள், அம்மா தட்டை மடியில் வைத்துப் பீடி சுருட்டுகிறாள், அக்கா சுருட்டுகிறாள், பள்ளிக்கூடம் விட்டுப் போனால் இவளும் சுருட்டுகிறாள், அந்தத் தூளெல்லாம் தொண்டையில் ஏறாமல் எங்கே போகும்? குழுவில் இரண்டாவது வரிசை ஓரத்தில் நின்று பாடுகிற பிள்ளை, தனியாக அவளைக் கேட்டதேயில்லை, இப்போது கேட்டால் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. குரல் அங்கங்கே பிசிறு தட்டியது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டது, ஆனால் நிற்கவில்லை, ஒரு பக்கம் வழுக்கியது. சுத்தமில்லை. சுத்தமில்லைதான், ஆனால் என்னமோ இருக்கிறது அதில், யாரையோ கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டும் வரமாட்டார்கள் என்று தெரிந்து கூப்பிடுகிற மாதிரி. எதற்கென்றே தெரியாமல் புருஷன் முருகானந்தம் உலகம்மாளின் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் சோப்பு நுரையோடு பாடுவான், சுருதி இருக்காது, தாளம் இருக்காது, அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு, இவள் அடுப்படியிலிருந்து "மெல்ல, மெல்ல, பக்கத்து வீட்டுல பிள்ள தூங்குது" என்பாள், அவன் வேண்டுமென்றே கூட்டிப் பாடுவான். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று கேள்வி. சனியன், எட்டு வருஷமாக நினைக்காதவன், பிள்ளைகள் பாடுகிற நேரத்திலா வந்து நிற்க வேண்டும்? அவள் தலையை உதறிக்கொண்டாள். சீரண மண்டலத்தைப் பார்த்தாள். கல்லீரலுக்குப் போகிற கோட்டில் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் மீசை வரைந்திருந்தது.

நான்காவது. அய்யோ! தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு, மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு நூல் தயக்கம், பிறகு நேராகக் குரல். நித்திலா. பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தத் தயக்கம் உலகம்மாளுடையது, அவள் தொண்டையிலிருந்து அப்படியே இறங்கியது. வழுக்கவில்லை, பிசிறில்லை, மேல் ஸட்ஜத்தில் போய் உட்கார்ந்தது பாருங்கள், யாரோ இடம் போட்டு வைத்திருந்த மாதிரி. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். என் பிள்ளை. எப்போது இப்படிப் பாடக் கற்றாள்? வீட்டில் பாடுவதேயில்லை. குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது எதையாவது முனகுவாள், இவள் உள்ளே நுழைந்தால் டப்பென்று நின்றுவிடும். நிற்காமல் என்ன செய்யும், வாயைத் திறந்தாலே "அந்த நிஷாதம் சரியா நிக்கலட்டி, திரும்பப் பாடு" என்று சொன்னால்? அது டீச்சர் வாய், வீட்டுக்கு வந்தாலும் மூடாது. அப்படியிருந்தும் பிள்ளை வாங்கியிருக்கிறாள், காதால் கேட்டே வாங்கியிருக்கிறாள். சந்தோஷம் நெஞ்சு வரைக்கும் ஏறியது, ஏறிய வேகத்திலேயே பயமும் பிடித்துக்கொண்டது. இவளை எடுத்தால் வடிவு என்ன சொல்லுவாள்? "சுவரப் பாத்து உக்காந்தாலும் பெத்த பிள்ள கொரலு தெரியாமலா போவும்?" இதைத்தான் சொல்லுவாள். சொல்லட்டும், உண்மைதானே! சுவர் எதற்கு? கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை எங்கே திருப்புவது? இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய மடச்சி. ஆசிரியர் அறையே கேட்கிற மாதிரி, சுவர் பார்த்து உட்காருகிறேன் என்று சவால் விட்டபோது இது தோன்றவில்லையே. தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர்கூட மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "நல்ல யோசன உலகு, யாரும் ஒண்ணும் பேச முடியாது" என்றார்கள். பேச முடியாதா? பேசுவதற்கென்றே வாய் வைத்திருக்கிறவர்கள் இருக்கும்போது? இதையெல்லாம் அவள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஐந்தாவது பிள்ளை வந்து பாடிவிட்டுப் போயே விட்டது. கடைசி ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. மீதி இருந்தவள் முத்துமீனா, ஆகவே அது முத்துமீனாவாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை எத்தனை நாள் பயிற்சி எடுத்திருக்கும், ஒரு சொல் தவிர எதையும் கேட்கவில்லையே, இது எந்த ஊர் நியாயம் என்று ஒரு குத்து குத்தியது, ஆனால் குத்தை நின்று அனுபவிக்கக்கூட நேரமில்லை.

"முடிஞ்சிது டீச்சர்," என்றாள் வடிவு. "சொல்லுங்க, எத்தனாவது?" மூன்றா, நான்கா. காது நான்கு என்கிறது. காது சொன்னால் கேட்க வேண்டும், அதுதானே கர்வம், அதுதானே மிச்சம். ஆனால் நான்கு நித்திலா. நித்திலாவுக்கு இது இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? அவள் பன்னிரண்டு படிப்பாள், கல்லூரிக்குப் போவாள், டீச்சர் பிள்ளை, எப்படியும் கரையேறுவாள். பேச்சியை நினைத்துப் பார். போன மாதம் அவள் அம்மா வந்தாள், பீடி இலை வெட்டி வெட்டிக் கறுத்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு இதே அறை வாசலில் நின்றாள். "பத்து முடிஞ்சா போதும் டீச்சர், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு? தட்டுல ஒக்காந்தா எனக்கு ஒரு கை கூட." பெரிய டீச்சர்தான் அவளைச் சமாதானம் பண்ணினார்கள்: "போட்டியில அவ பேரு வரட்டும், நானே விடுதியில எடம் கேட்டு வாங்கித் தாரேன், மேல படிக்கட்டும்." அவள் அம்மா கொஞ்சம் யோசித்து, "பேரு வந்தா பாப்போம்" என்றாள். பின்வரிசையில் நிற்கிறவளுக்கு எங்கிருந்து பேர் வரும்? சான்றிதழில் தனியாகப் பேர் போடுவது லீடுக்குத்தான். அப்புறம் மூன்றாவது குரல் அப்படியொன்றும் மோசமில்லை. ஒரு வாரம் இருக்கிறது, மிளகும் வெந்நீரும் கொடுத்து, காலையில் உட்கார்த்திச் சாதகம் பண்ண வைத்தால் அந்த ஸட்ஜம் நிற்கும். நிற்காமல் போனாலும் அந்தக் குரலில் ஒரு உயிர் இருக்கிறது, அதற்கு நடுவர்கள் மார்க் போடுவார்கள். போடுவார்களா? போடுவார்கள். வடிவும் வாயை மூடிக்கொள்வாள். பேச்சிக்கும் ஒரு வழி பிறக்கும். நித்திலா? நித்திலா எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ரெண்டு நாள், அப்புறம் சரியாகிவிடும், அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம், நீதாம்ட்டி நல்லா பாடுன, எனக்குத் தெரியும், ஆனா அம்மாவோட நெலமைய நீ புரிஞ்சுக்கிடணும் என்று. எத்தனை தடவை சொல்லியாயிற்று இதை. பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடாதே, டீச்சர்னு கூப்பிடு, மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும், அம்மாவோட நெலமைய புரிஞ்சுக்கோ. பிள்ளையும் புரிந்துகொண்டேதான் இருக்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்து. "என்ன டீச்சர், தூங்கிட்டேளா?" என்றாள் வடிவு. பிள்ளைகள் சிரித்தார்கள். உலகம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு."

யாரும் கைதட்டவில்லை, 'ஏய்' என்று ஒரு கூச்சல்கூட இல்லை. என்ன இது, பேச்சிக்குக் கிடைத்தால் பிள்ளைகள் குதிப்பார்களே. "திரும்புங்க டீச்சர்," என்றாள் வடிவு. அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது, நல்ல சிரிப்பு இல்லை. உலகம்மாள் திரும்பினாள். சைக்கிள்களுக்கு முன்னால் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். பர்வீன், செல்சியா, மூன்றாவதாக நித்திலா. அதற்கு அடுத்து பேச்சித்தாய், ஓரத்தில் முத்துமீனா. இல்லை, மாறி நிற்கிறார்கள். "நீங்க பாடுன வரிசையிலதான நிக்கிய?" என்றாள். "ஆமா டீச்சர்," என்றாள் பர்வீன். நித்திலாவின் முகம் சிவந்து கிடந்தது. உலகம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கரகரப்பு நித்திலாவுடையதா? முருகானந்தம் ஏன் வந்தான் என்று இப்போதல்லவா தெரிகிறது! அப்பன் குரல், அப்படியே அப்பன் குரல், வயது ஏற ஏற இறங்கிவந்திருக்கிறது, ஒரே வீட்டில் ஒரே கூரையில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட இவள் கேட்கவில்லை, வாயைத் திறக்க விட்டால்தானே கேட்க! அப்படியென்றால் அந்த நான்காவது, அந்த மூச்சு, அந்தத் தயக்கம், அதை ரத்தம் என்று நினைத்தாளே? ரத்தமாவது மண்ணாவது. பேச்சி பின்வரிசை ஓரத்தில் நின்று, டீச்சர் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்ட மூச்சு அது. சுத்தமான குரல் என்றால் என் மகள், பிசிறுள்ள குரல் என்றால் பீடிக்காரி மகள். இவ்வளவுதான் இவள் காது. கண்ணை மூடிவிட்டால் போதும் என்று நினைத்தாளே, காதுக்குள்ளே அல்லவா அழுக்கு இருந்திருக்கிறது!

இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஒரு வார்த்தை போதும். தப்பாச் சொல்லிட்டேன், நாலுதான் சரி, நாலாவது கொரலுதான் லீடு. உண்மையும் அதுதான், கேட்ட காதெல்லாம் அதைத்தான் சொல்லும், வடிவின் காதுகூடச் சொல்லும். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு பாவாடையில் எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. சொல்லிவிடு உலகம்மாள், இப்போதே சொல்லிவிடு. வாயைத் திறந்தாள். அதற்குள் நித்திலா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது, ரெண்டு எட்டு ஓடினாள், கிட்டே வந்து நின்று இவள் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு தடவைகூடப் பிடிக்காத முந்தானை. கண் நிறைந்து வழியத் தயாராக நின்றது. "அம்மா," என்றாள், டீச்சர் என்று சொல்லவில்லை, எல்லார் முன்னாலும், வடிவு முன்னாலும், அம்மா என்றாள். "நான் வேணும்னேதாம்மா அப்படிப் பாடுனேன். ஒன்ன மாதிரிப் பாடாம, எனக்கு எப்படி வருதோ அப்படி. நீ கண்டுபிடிச்சிருவன்னு எனக்குத் தெரியும். என் கொரலுன்னு தெரிஞ்சுதானம்மா எடுத்த?"

இல்லை என்று சொல்ல வேண்டும். உன்னை வேறொரு பிள்ளை என்று நினைத்தேன், அவள் மேல் பரிதாபப்பட்டு எடுத்தேன், நீ என்று தெரிந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன். இதைத்தான் சொல்ல வேண்டும், இந்த மூன்றும் உண்மை. உலகம்மாள் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி இவளைப் பார்க்கவில்லை. முந்தானை இழுபட்டுக்கொண்டே இருந்தது. "சொல்லும்மா," என்றாள் பிள்ளை, கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. "தெரியும்டி," என்றாள் உலகம்மாள். தன் குரல் தனக்கே எங்கோ கேட்டது. "தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"அதத்தான டீச்சர் நான் போன வருசமே சொன்னேன்," என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, மணி அடிக்கப் போகிறது என்று மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி வெளியே போனாள். நித்திலா முந்தானையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நடுவில் நின்றாள், யாரும் சொல்லாமலே. பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவளைச் சுற்றி நகர்ந்தார்கள். பேச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். உலகம்மாள் ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து துருத்தியை இழுத்தாள்.

"டீச்சர்," என்றாள் பேச்சித்தாய். "நான் எங்க டீச்சர் நிக்க?"

"பின்னால," என்றாள் உலகம்மாள். பேச்சி பின்னால் போய் நின்றாள்.